கபெல் பள்ளத்தாக்கில் எந்த ஏரிக்குப் போவது?

கோடை பிறந்துவிட்டால் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ரெஜைனாவில் இருக்கும் நம் ஆட்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது இது: "அண்ணா, அம்மாவும் அப்பாவும் அம்பாசமுத்திரத்துல இருந்து வந்திருக்காங்க. பாப்பாவுக்கு நாலு வயசு. ஆகஸ்ட் லாங் வீக்கெண்டுக்கு எந்த ஏரிக்குக் கூட்டிட்டுப் போறது? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஆளுக்கு ஒன்றாகச் சொன்ன நாலும் நல்ல ஏரிகள்தான்: பஃபலோ பவுண்ட், லாஸ்ட் மவுண்டன், எக்கோ–கடெப்வா, டீஃபன்பேக்கர். எது பக்கமோ அதற்குப் போகலாம் என்றுதான் பெரும்பாலானோர் கிளம்புகிறார்கள். சஸ்காச்சுவானுக்கு வந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஆகஸ்ட் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்குவாளியில் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைகளுக்கு மிதவை வளையம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். கரையில் இறங்கிப் பார்த்தால் தண்ணீர் மேல் பச்சை பெயிண்டைக் கொட்டியது போல ஒரு படலம். வாடை வேறு. பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை. என் மகன் நீச்சல் டிரவுசரோடு பின்சீட்டில் உட்கார்ந்து அழுதான். புளியோதரையைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அன்றிலிருந்து நான் வரைபடத்தில் தூரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நாட்காட்டியைப் பார்க்கிறேன். ஏன் என்று புரிய, இந்த ஏரிகள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய பள்ளத்தாக்கு, சின்ன ஆறு

நெடுஞ்சாலை 10-இல் ஃபோர்ட் கபெல் நோக்கிப் போகும்போது கடைசி நிமிடம் வரை தட்டையான கனோலா வயல்தான். திடீரென்று தரை வாயைப் பிளக்கும், சாலை கீழே இறங்கும், அடியில் ஏரி மின்னும். என் மாமியாரை முதல் முறை அழைத்துப் போனபோது, "இவ்வளவு பெரிய பள்ளத்தை வெட்டுன ஆறு எங்க?" என்று கேட்டார். பாலத்தின் மேல் நிறுத்திக் காட்டினேன். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர். எட்டிப் பார்த்துவிட்டு, "இது வாய்க்கால்லா!" என்றார்.

அவர் சந்தேகம் சரியானதுதான். இந்தப் பள்ளத்தாக்கை இப்போது ஓடும் கபெல் ஆறு வெட்டவில்லை. பனி யுகம் முடிந்தபோது உருகிய பனிப்பாறைகளின் வெள்ளம் கிழக்கே பாய்ந்து அறுத்த தடம் இது. அகலம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், ஆழம் பல இடங்களில் நூறு மீட்டருக்கு மேல். வெள்ளம் வடிந்த பின் பெரியவர் சட்டையைப் போட்ட சிறுபிள்ளை போல ஒரு சின்ன ஆறு உள்ளே தங்கிவிட்டது. பக்கவாட்டு ஓடைகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி அங்கங்கே வழியை அடைத்தன. அடைப்புக்குப் பின்னால் தேங்கியவைதான் பாஸ்குவா, எக்கோ, மிஷன், கடெப்வா எல்லாம்.

நம் முடிவுக்கு முக்கியமானது தண்ணீரின் பயணம். ராக்கி மலைப் பனி உருகி டீஃபன்பேக்கருக்கு வருகிறது. அங்கிருந்து கபெல் அணை வழியாகத் திறந்துவிடும் தண்ணீர் பஃபலோ பவுண்டை அடைகிறது. ரெஜைனாவும் மூஸ் ஜாவும் குடிப்பது பஃபலோ பவுண்ட் தண்ணீரைத்தான். நாம் குடித்து, குளித்து, பாத்திரம் கழுவி வெளியே விடுவதைச் சுத்திகரித்து வஸ்கானா ஓடையில் விடுகிறார்கள். அது லம்ஸ்டன் பக்கம் கபெல் ஆற்றில் சேர்ந்து, பாஸ்குவா, எக்கோ, மிஷன், கடெப்வா என்று வரிசையாக இறங்குகிறது. சுத்திகரிப்பு நிலையம் முன்பைவிட இப்போது எவ்வளவோ மேல். ஆனால் வயல்களிலிருந்து வரும் உரச்சத்தும் சேர்கிறது. இந்த மண்ணே சத்து நிறைந்த மண், விவசாயம் வருவதற்கு முன்பே இவை பாசி பிடிக்கிற ஏரிகள்தான். ஆக, ஆழம் குறைந்த ஏரி, சூடான ஆகஸ்ட், காற்றில்லாத நாள் மூன்றும் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசி வரும்.

எதை வைத்துத் தீர்மானிப்பது

என் வரிசை இது. முதலில் அந்த மாதத்தில் தண்ணீர் எப்படி இருக்கும். இரண்டாவது, பிள்ளைகள் இறங்குமிடத்தில் மணலா சேறா, ஆழம் மெதுவாகக் கூடுகிறதா. மூன்றாவது, நிழல். ப்ரெய்ரி என்ற இந்தப் புல்வெளிச் சமவெளியில் மரம் இருக்கும் கரை சும்மா கிடைக்காது. நான்காவது, கழிப்பறைக்கு எத்தனை தூரம். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கூட இருந்தால் இதை முதலிடத்துக்கே தூக்கிவிடலாம். கடைசியில்தான் பெட்ரோலும் நேரமும்.

| | பஃபலோ பவுண்ட் | லாஸ்ட் மவுண்டன் | எக்கோ–கடெப்வா | டீஃபன்பேக்கர் |
|---|---|---|---|---|
| ரெஜைனாவிலிருந்து காரில் | சுமார் 1 மணி | ரெஜைனா பீச் 40 நிமிடம், ரோவன்ஸ் ரவீன் 1 மணிக்கு மேல் | 1 மணி, கொஞ்சம் கூடக் குறைய | சுமார் 2 மணி |
| அதிகபட்ச ஆழம் | 5–6 மீ | 30 மீ | 22–23 மீ | 60 மீட்டருக்கு மேல் |
| ஆகஸ்டில் தண்ணீர் | பச்சைக்கு வாய்ப்பு அதிகம் | காற்றைப் பொறுத்தது | வருடத்தைப் பொறுத்தது | தெளிவு, குளிர்ச்சி |
| நிழல் | உண்டு | ரெஜைனா பீச்சில் நன்றாக உண்டு | கடெப்வாவில் தாராளம் | குறைவு |
| நான் போகும் மாதம் | ஜூன் | ஜூலை, பறவை பார்க்கச் செப்டம்பர் கடைசி | ஜூலை | ஆகஸ்ட் |

பஃபலோ பவுண்ட்

மேய வந்த மாட்டைப் பிடித்து நம் ஊரில் பவுண்டில் அடைப்பார்கள், அதே பவுண்ட்தான் இது. இந்த நிலத்தின் பூர்வகுடிகள் பள்ளத்தாக்குச் சரிவைப் பயன்படுத்திப் பைசன் என்ற காட்டெருமைக் கூட்டத்தை விரட்டி வந்து பட்டிக்குள் அடைத்து வேட்டையாடினார்கள். இப்போதும் மாகாணப் பூங்காவில் வேலிக்குள் ஒரு பைசன் மந்தை உண்டு. தொலைவில் பழுப்புப் புள்ளிகளாக நின்றால் ஏமாற்றம், கம்பிக்குப் பக்கத்தில் வந்தால் பிள்ளைகளுக்கு அன்றைய நாளே அதுதான்.

ஏரி நீளமும் ஒல்லியுமாக முப்பது கிலோமீட்டருக்குப் பக்கம் போகிறது, அகலம் ஒரு கிலோமீட்டர்தான். சராசரி ஆழம் மூன்று மீட்டர் அளவில் என்பதால் சீக்கிரம் சூடாகிவிடும். ஜூன் மூன்றாவது வாரத்தில் மற்ற ஏரிகளில் கால் வைத்தால் உச்சந்தலைவரை குளிரும், இங்கே பிள்ளைகள் இறங்கி விளையாடலாம். அதே காரணத்தால்தான் ஆகஸ்டில் கைவிடுகிறது. பூங்காவில் திறந்தவெளி நீச்சல்குளம் இருப்பது ஒரு தப்பிக்கும் வழி. அன்று அது திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குளிக்கிற எண்ணமே இல்லாதவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. ஏரியின் தென்கிழக்கு முனையில் நிக்கோல் ஃப்ளாட்ஸ் என்ற சதுப்பு நிலம், பழைய கல்வீடு ஒன்று, நாணலுக்குள் நடைபாதை, மஞ்சள் தலைக் கரும்பறவைகளின் கூச்சல். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சரிவில் நல்ல பாதைகள். மே, ஜூனில் புல்லுக்குள் நடந்தால் உண்ணி ஏறும். திரும்பியதும் காதுக்குப் பின்னால், பேண்ட் மடிப்பில் எல்லாம் தேடிப் பார்க்க வேண்டும். நாய்க்கும் சேர்த்து.

லாஸ்ட் மவுண்டன்

தெற்கு சஸ்காச்சுவானில் இயற்கையாக அமைந்த ஏரிகளில் இதுவே பெரியது, 93 கிலோமீட்டர் நீளம். உள்ளூர்க்காரர்கள் சும்மா லாங் லேக் என்பார்கள். கபெல் பள்ளத்தாக்கின் பக்கக் கிளையில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. க்ரேவன் பக்கம் ஓடை வழியாகக் கபெல் ஆற்றில் வடிகிறது. ஆற்றில் வெள்ளம் ஏறினால் தண்ணீர் திரும்பி ஏரிக்குள்ளேயே வருவதும் உண்டு.

இங்கே நான்கு பேருக்கு நான்கு அனுபவம் கிடைப்பதற்குக் காரணம் காற்று. இவ்வளவு நீளத்துக்குத் தடையில்லாமல் வடக்குக் காற்று ஓடி வந்தால் தென் கரையில் அலை அடிக்கும், அன்று காற்றடைத்த படகை இறக்கவே கூடாது. தண்ணீர் கலங்கிப் பாசி ஒரு கரையில் ஒதுங்கும், மறு கரை சுத்தமாக இருக்கும். அதனால் காலையில் காற்றுத் திசை பார்க்காமல் நான் இந்தப் பக்கம் போவதில்லை.

ரெஜைனா பீச் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் ரெஜைனாக்காரர்கள் ரயிலேறி வந்து குளித்த இடம். பெரிய மரங்கள், புல்வெளி, மீன் வறுவல் கடை, நடந்து போகும் தூரத்தில் ஐஸ்கிரீம். மாகாணப் பூங்கா கிடையாது என்பதால் நுழைவுச் சீட்டும் இல்லை. ஆனால் வெயிலடிக்கும் சனிக்கிழமை பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தால் காரை மேட்டுத் தெருவில் நிறுத்திவிட்டு ஐஸ்பெட்டியோடு இறங்க வேண்டியிருக்கும். திரும்பி ஏறும்போது அந்த மேட்டின் அருமை தெரியும். கிழக்குக் கரையில் உள்ள ரோவன்ஸ் ரவீன் பூங்கா இன்னும் தூரம், மணல் இன்னும் நல்லது, கூடாரம் போட்டுத் தங்க ஏற்றது, மீன் பிடிக்கிறவர்களும் அங்கேதான் போவார்கள்.

வட முனையைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. 1887-இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் அங்கே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே முதலாவது. செப்டம்பர் கடைசியில் சாண்ட்ஹில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். சூரியன் மறையும் நேரத்தில் அவை கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு தண்ணீருக்குத் திரும்புவதைப் பார்த்தபோது கூந்தன்குளம்தான் ஞாபகம் வந்தது, கையில் மட்டும் உறை போட்டிருந்தேன்.

எக்கோ, கடெப்வா

நான் அதிகமாகப் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் ஒருதலையாகவே எழுதுவேன்.

கடெப்வா என்பது இங்கத்திய பூர்வகுடிகளான க்ரீ மக்களின் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அழைக்கும் ஆறு என்ற பொருளில் அந்த மக்கள் வைத்த பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் "யார் அழைப்பது?" என்று ஆக்கினார்கள், அதுவே கபெல். இரவில் தோணியில் போன ஓர் இளைஞன் தன் பெயரை யாரோ கூப்பிடுவதைக் கேட்டு "யார்?" என்று கேட்டான், பதில் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தால் அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண் அவன் பெயரைச் சொல்லியபடியே இறந்திருந்தாள் என்று ஒரு கதை இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் மாலையில் குரல் கொடுத்தால் எதிரொலி வரத்தான் செய்கிறது.

ஏரி வரிசையில் மேலே இருப்பது பாஸ்குவா, சத்தும் பாசியும் முதலில் அங்கே. ஒவ்வொரு ஏரியிலும் கொஞ்சம் படிந்து வருவதால் கீழே கடெப்வாவில் பொதுவாக நிலைமை தேவலை, ஆழமும் கூடுதல். எக்கோ வேலி பூங்கா பாஸ்குவாவுக்கும் எக்கோவுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு ஏரியிலும் கரை இருப்பது இதன் பெரிய வசதி. ஒன்றில் பாசி ஒதுங்கியிருந்தால் சாமானைக் காரில் போட்டு மற்றதுக்குப் போய்விடலாம். நாங்கள் ஒரே நாளில் இரண்டிலும் குளித்திருக்கிறோம். கூடாரம் போடும் இடங்களும் நன்றாக இருக்கும்.

கடெப்வா பாயிண்ட் சின்ன இடம். பகலில் மட்டும், தங்க முடியாது. ஆனால் வயசானவர்களோடு போவதற்கு இதைவிட நல்ல கரை எனக்குத் தெரியாது. பெரிய மரங்களுக்கு அடியில் புல்வெளி, மேசைகள், அங்கிருந்து பத்தடி வைத்தால் மணல். மாமனார் ஜூலை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பேரன் குளிப்பதைப் பார்த்தார். நாற்காலியை நகர்த்த வேண்டிய தேவையே வரவில்லை.

தண்ணீர் கெட்டுப்போனாலும் நாள் வீணாகாது என்பது இந்தப் பக்கத்தின் இன்னொரு பலம். ஃபோர்ட் கபெல் ஊரில் கடை, பெட்ரோல் எல்லாம் உண்டு. 1874-இல் க்ரீ, சோட்டோ என்ற பூர்வகுடி மக்களோடு அரசு செய்த நான்காவது உடன்படிக்கை கையெழுத்தான ஊர் அது. பக்கத்தில் மீன்குஞ்சு பொரிக்கும் நிலையம் இருக்கிறது, பார்வையாளருக்குத் திறந்திருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். கடெப்வா போகும் வழியில் லெப்ரெட், மிஷன் ஏரிக்கரையில் கல்லால் கட்டிய தேவாலயம், எதிரே குன்றின் மேல் சின்ன ஜெபக்கூடம். குன்றேறிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதே லெப்ரெட்டில்தான் 1884 முதல் 1998 வரை பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளி ஒன்று நடந்தது. படம் எடுக்கப் போகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

டீஃபன்பேக்கர்

இது மனிதன் கட்டிய ஏரி. 1967-இல் முடிந்த கார்டினர் அணையும் கபெல் அணையும் சேர்ந்து தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றைத் தேக்கின. ஏரியின் நீளம் 225 கிலோமீட்டர். கார்டினர் அணை மண்ணால் கட்டியது, 64 மீட்டர் உயரம், ஐந்து கிலோமீட்டர் நீளம். மேலே கார் ஓட்டிப் போகலாம்.

எல்போ ஊருக்குப் பக்கத்தில் டக்ளஸ் பூங்கா, நல்ல மணல் கரை, உள்ளே நடந்தால் மணல்மேடுகள். பாசிப் பயம் இங்கே மிகக் குறைவு. ஆகஸ்டில் வேறெங்கும் பலகை வைத்திருந்தால் நான் இங்கேதான் போவேன். ஆனால் குறைகளும் இருக்கின்றன. தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அணைக்கட்டு என்பதால் நீர்மட்டம் ஏறி இறங்கும், போன வருடம் பார்த்த கரை இந்த வருடம் அதே அகலத்தில் இருக்காது. சில இடங்களில் சட்டென்று ஆழமாகிவிடும், கரை மண் சரியும். வழியில் பெட்ரோல் நிலையம் அரிது. ஒரே நாளில் போய் வந்தால் நாலு மணி நேரம் காரிலேயே போகும், சின்னப் பிள்ளை இருந்தால் தங்கிவிட்டு வருவதே மேல்.

கண்ணில் படாத செலவுகள்

மாகாணப் பூங்காக்களில் காருக்கு நுழைவுச் சீட்டு வேண்டும். கோடையில் நாலைந்து முறை போவதாக இருந்தால் வருடச் சீட்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடாரம் போட இடம் வசந்தத்திலேயே இணையத்தில் பதிவாகிவிடும். ஜூலையில் தேடினால் கிடைப்பது யாரோ ரத்து செய்த செவ்வாய்க்கிழமை.

மீன் பிடிக்க உரிமம் தேவை. வால்ஐ (walleye), அதாவது உள்ளூர்க்காரர்கள் பிக்கரல் என்று சொல்லும் மீன், மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் போட்டு வறுத்தால் வஞ்சிரத்தை மறக்கடிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சோற்றுக்கு மிக நன்றாகப் போகும். தெற்குப் பகுதியில் மீன்பிடிப் பருவம் மே முதல் வாரத்தில் திறக்கும். சொந்தப் படகோ காயாக்கோ வைத்திருந்தால் ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் முன் கழுவிக் காயவைக்க வேண்டும். அடியில் தண்ணீர் வடிவதற்கான மூடியைக் கழற்றிவிட்டுத்தான் படகைச் சாலையில் இழுத்துப் போகலாம், அது சட்டம்.

பாசியை அடையாளம் காண ஒரு குச்சி போதும். தண்ணீரில் விட்டுத் தூக்கினால் தலைமுடி போல நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. குச்சியில் பெயிண்ட் பூசியது போல வந்தால் பிள்ளைகளையும் நாயையும் இறக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நச்சு போகாது. பாசியே இல்லாவிட்டாலும் குளித்து ஏறியவுடன் துண்டால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நத்தை வழியாக வரும் ஒரு நுண்பூச்சியால் இரண்டு நாள் சொறிந்துகொண்டிருப்பீர்கள். கரைகளில் காப்பாற்ற ஆள் இல்லை என்றே எண்ணிப் போங்கள், மிதவை ஜாக்கெட் உங்கள் பொறுப்பு.

திரும்பும்போது பொழுது சாய்கிற நேரமாகிவிட்டால் மெதுவாக ஓட்டுங்கள். பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் சாலையில் மான் குறுக்கே பாயும். இந்த எல்லாச் செலவிலும் பெரியது அதுவாகிவிடக் கூடாது.

தம்பிக்கு எழுதிய பதில்

டீஃபன்பேக்கர் வேண்டாம், அப்பாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. பஃபலோ பவுண்டுக்கு அடுத்த ஜூனில் பாப்பாவை மட்டும் கூட்டிப் போ. கடெப்வாதான் உனக்கு. லாங் வீக்கெண்டு கூட்டத்தில் போகாமல் செவ்வாய்க்கிழமை லீவு போட முடியுமா பார். முடியாது என்றால் பத்து மணிக்குள் மரத்தடி மேசையைப் பிடித்துவிடு. வழியில் லெப்ரெட்டில் நிறுத்து. காலையில் கிளம்பும் முன் பாசி அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள், வந்திருந்தால் வண்டியை ரெஜைனா பீச்சுக்குத் திருப்பு. அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர், அப்பாவுக்கு மடக்கு நாற்காலி.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "சரிண்ணா. நாற்காலி உங்ககிட்ட இருக்குமா?"